செங்கம் ரோட்டில் யார் மேல் தப்பு?

எங்கள் ஊர் டீக்கடைக்கு ஒரு விபத்துச் செய்தி வந்து சேர்ந்தால் முதலில் "எத்தனை பேரு?" என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி "யாரு மேல தப்பு?" இதற்குப் பதில் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. "ஓவர்டேக் பண்ணி ரைட்ல ஏறி வந்திருக்கான்பா" என்று ஒருவர் சொன்னால் போதும், வழக்கு முடிந்துவிடும். அந்த நேரத்தில் போலீஸ் டேப் பிடித்து அளந்திருக்கக்கூட மாட்டார்கள். அடிபட்டவர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

பல நேரம் அந்தப் பதில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய இழப்பீடு குறைந்துபோகிறது. அதே வளைவில் மறுபடியும் வண்டிகள் மோதுகின்றன. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாலை. செங்கம் ரோடு என்று நாங்கள் சொல்வது கிருஷ்ணகிரியில் தொடங்கி ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறது. பழைய ஆட்கள் இன்னும் 66 என்பார்கள். இப்போது அது தேசிய நெடுஞ்சாலை 77. பௌர்ணமி கிரிவலத்துக்குப் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள், சனி ஞாயிறு புதுச்சேரிக்கு ஓடுகிற கார்கள், கரும்பு டிராக்டர், ஜல்லி ஏற்றிய டிப்பர், டவுன் பஸ், பால் கேன் மாட்டிய எக்ஸெல், எல்லாம் இதே ரோட்டில்தான். பெரும்பகுதி தூரம் போக ஒரு தடம், வர ஒரு தடம். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறதும் 100ல் பறக்கிறதும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்போது முந்தாமல் யாராலும் ஊர் போய்ச் சேர முடியாது. முந்துவது இந்த ரோட்டில் ஒருவரின் கெட்ட பழக்கம் மட்டும் இல்லை, ரோடே அப்படித்தான் போட்டிருக்கிறது.

2023 அக்டோபரை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மகாளய அமாவாசைக்கும் ஆயுத பூஜைக்கும் இடைப்பட்ட பத்து நாளுக்குள் செங்கம் அருகே இரண்டு பெரிய விபத்துகள். ஒன்றில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டுப் பெங்களூர் திரும்பிய குடும்பத்தின் காரும் ஒரு லாரியும் மோதின. இன்னொன்றில் அரசுப் பேருந்தும் தொழிலாளர்கள் வந்த டாடா சுமோவும். பிழைப்புக்காக அசாமிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்களும் அதில் இறந்தார்கள். இரண்டிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அவற்றில் யார் மேல் தப்பு என்று நான் எழுதப் போவதில்லை, அது விசாரித்தவர்கள் சொல்ல வேண்டியது. அந்த நாட்களில் ஊரில் கேட்ட பேச்சுதான் எனக்குள் தங்கிவிட்டது. முழுக்க முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர்களைப் பற்றியே பேசினோம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு என்ன பாத்தியதை, அந்த இடத்தில் ரோடு எப்படி இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

முந்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைகளுக்கு வரைமுறை எழுதுகிற ஐ.ஆர்.சி. 1976ல் வெளியிட்ட விதிப்படி, 80 கிலோமீட்டர் வேகத்துக்கான சாலையில் ஒருவர் பத்திரமாக முந்த வேண்டுமானால் எதிரே 470 மீட்டர் தெரிய வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 640 மீட்டர். நம்பக் கடினமாக இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். 80ல் வருகிற இரண்டு வண்டிகள் எதிரெதிரே நொடிக்குச் சுமார் 44 மீட்டர் நெருங்குகின்றன. லாரியைத் தாண்டி மறுபடி இடப்பக்கம் சேர 10 நொடி ஆகிறது என்றால் இடையில் 440 மீட்டர் கரைந்துவிடும். அவ்வளவு தூரத்தில் எதிரே தெரிவது பஸ்ஸா வேனா என்று பகலிலேயே சட்டெனச் சொல்ல முடியாது. ராத்திரியில் இரண்டு வெளிச்சப் புள்ளிதான். அது எந்த வேகத்தில் வருகிறது என்பது முக்கால்வாசி ஊகம்.

அதனால் என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் வண்டியை எடுத்தவர் மேல்தான் பெரும் பொறுப்பு. அந்த நிமிடத்தில் காத்திருக்கலாம் என்ற வழி அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. எதிரே வந்தவருக்கு அது இல்லை, பின்சீட்டில் இருந்தவருக்கும் இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், வளைவிலும் மேட்டிலும் சந்திப்பிலும் குறுகிய பாலத்திலும் எதிரே பார்வை மறைகிற இடத்திலும் முந்தக் கூடாது என்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில், சட்டத்துக்கு மாறாக முந்துவதையே ஆபத்தான ஓட்டுதலின் ஒரு வகையாக 184ஆம் பிரிவில் எழுதிச் சேர்த்தார்கள்.

ஆனால் பெரும் பொறுப்பு வேறு, முழுப் பொறுப்பு வேறு.

முந்தப்படுகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மோதலில் அதன்மேல் கீறல்கூட விழுந்திருக்காது. அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் மாமா ஒருவர் இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். "சைடு குடுக்கற மாதிரி குடுத்துட்டு, நாம பாதி ஏறுனதும் ஆக்சிலேட்டர மிதிக்கறான் பாரு மாப்ள, அவந்தான் கொலகாரன். ஆனா அவன் போயிகினே இருப்பான். எஃப்.ஐ.ஆர்.ல அவன் வண்டி நம்பரே இருக்காது." அவர் சொல்வது சட்டத்திலும் இருக்கிறது: தன்னை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது, தடுக்கவும் கூடாது. இந்த விதியை மீறியதற்காக இந்தப் பக்கத்தில் ஒருவர்மேல் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மோதல் நடந்த இடத்தில் அந்த வண்டி நிற்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

சிக்னல் விஷயம் இன்னும் மோசம். முன்னால் போகிற லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? "நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்றும் எடுத்துக்கொள்ளலாம், "எதிரே வண்டி வருது, ஏறாதே" என்றும் எடுத்துக்கொள்ளலாம். வட மாநில லாரி ஓட்டுநர்களில் பலர் "நீ வரலாம்" என்பதற்கே அதைப் போடுகிறார்கள். நம் பக்கத்தில் வழிவிட இடது இண்டிகேட்டர் போடுகிறவர்கள் உண்டு, கையை வெளியே நீட்டி முன்னால் வீசுகிறவர்கள் உண்டு. ஹெட்லைட் அடிப்பதும் அப்படித்தான். இங்கே "நான் நிற்க மாட்டேன், நீ ஒதுங்கு" என்று அடிக்கிறார்கள். அதையே "நீ போ" என்று புரிந்துகொள்கிறவரும் இதே ரோட்டில் ஓட்டுகிறார். உயிர்போகிற விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிற நிலையில் விட்டிருக்கிறோம். பிறகு பிழைத்தவர் "அவன்தாங்க சைடு குடுத்தான்" என்பார். கை காட்டியவர் எங்கே? வாணியம்பாடி தாண்டிப் போயிருப்பார். சட்டத்தின் முன் அந்தச் சாக்கு நிற்பதும் கடினம், ஏனென்றால் எதிரே காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது முந்துகிறவரின் கடமை. இன்னொருவர் கண்ணை நம்பி ஏறினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

எதிரே வருகிறவரின் பங்கு பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும். "என் சைடுல நான் வந்தேன்" என்பது வலுவான பேச்சுதான். ஆனால் ஒருவன் தப்பான பக்கத்தில் நிற்கிறான் என்பதற்காக அவனை இடிக்க உரிமை வந்துவிடாது. 1842ல் இங்கிலாந்தில் டேவிஸ் எதிர் மான் என்று ஒரு வழக்கு. முன்னங்கால்களைக் கட்டிய கழுதையை அதன் சொந்தக்காரர் ரோட்டோரம் மேயவிட்டிருந்தார். வேகமாக வந்த குதிரை வண்டி அதை அடித்துக் கொன்றது. கழுதையை அங்கே விட்டதே தப்பு என்று வைத்துக்கொண்டாலும், தவிர்த்திருக்கக்கூடிய கடைசி வாய்ப்பு வண்டிக்காரனிடம்தான் இருந்தது என்று நீதிமன்றம் அவன்மேல் பொறுப்பு வைத்தது. பின்னாளில் அந்த விதியின் இடத்தை, பழியைச் சதவீதமாகப் பிரிக்கும் முறை பிடித்துக்கொண்டது. அதே கேள்வி இன்றும் நம் தீர்ப்பாயங்களில் எழுகிறது: எதிரே வந்தவர் பார்த்தாரா, பிரேக் போட நேரம் இருந்ததா, இடப்பக்கம் மண்ணில் இறங்க இடம் இருந்ததா? இருந்தும் லைட்டை அடித்துக்கொண்டு அதே வேகத்தில் வந்தாரா?

செங்கம் ரோட்டிலும் வேட்டவலம் ரோட்டிலும் அடிக்கடி நடக்கிற, ஆனால் பேப்பரில் இரண்டு வரிக்கு மேல் வராத விபத்து வேறு மாதிரி. பைக்கில் போகிறவர் கிராமத்துக் கிளை ரோட்டுக்கு வலப்பக்கம் திரும்புவார். பின்னால் வருகிற கார் அதே நொடியில் அவரை முந்தும். கார்க்காரர் "இண்டிகேட்டர் போடாம குறுக்க உட்டுட்டாங்க" என்பார். பைக்கில் போனவர், உயிரோடு இருந்தால், "கை காட்டிட்டுத்தான் திரும்புனேன்" என்பார். இங்கே நான் பார்க்கிற முதல் விஷயம் கிளை ரோடு. சந்திப்பில் முந்தக் கூடாது. அதற்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருந்திருந்தால், நடுக்கோடு விட்டுவிட்டு இல்லாமல் தொடர்கோடாக இருந்திருந்தால், கார்க்காரர் பக்கம் பேசவே இடமில்லை. புளியமரத்துக்குப் பின்னால் மறைந்த ரோடு, பலகை இல்லை, கோடு தேய்ந்து போயிருக்கிறது என்றால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பங்கு சுமப்பார்கள். பலகை வைக்காதவர் எதையும் சுமக்க மாட்டார்.

கூட்டம் கூடினால் நடப்பதும் தெரிந்ததுதான். பெரிய வண்டி எதுவோ அதன்மேல்தான் தப்பு. பைக்குக்கும் காருக்கும் என்றால் கார், காருக்கும் லாரிக்கும் என்றால் லாரி. டிரைவரை இழுத்துப்போட்டு அடிக்கிறார்கள். அடிக்குப் பயந்து அவர் ஓடுகிறார், ஓடியதாலேயே குற்றவாளி ஆகிறார், அடிபட்டவரைத் தூக்க இருந்த ஒரு ஜோடிக் கையும் போய்விடுகிறது. பெரிய வண்டி கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கவனக்குறைவு யாருடையது என்பதை டயரின் அளவு சொல்லாது.

போலீஸ் வந்தபின் எல்லாம் காகிதம். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. இவற்றை வைத்துத்தான் பல மாதம் கழித்து ஒரு நீதிபதி அந்தப் பத்து நொடியைக் கற்பனை செய்ய வேண்டும். வரைபடத்தில் வண்டி எந்தப் பக்கம் நின்றது என்பதை வைத்தே பழி போட்டுவிடும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. 2013ல் வந்த ஜிஜு குருவிளா வழக்கு, கேரளத்தில் ஒரு காரும் பஸ்ஸும் நேருக்கு நேர் மோதியதைப் பற்றியது. மோதிய பிறகு வண்டிகள் நிற்கிற இடம் வேகத்தையும் மோதிய கோணத்தையும் பொறுத்து மாறும்; வேறு சாட்சியம் இல்லாமல் மகஜரை மட்டும் வைத்து இறந்தவர்மேல் ஒரு பங்கு தப்பு ஏற்ற முடியாது என்று சொன்னார்கள். இறந்தவர் வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது என்பதால் இந்தத் தீர்ப்பை முக்கியமாக நினைக்கிறேன்.

நம் பேச்சில் குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணம், "யார் மேல் தப்பு" என்பதை இரண்டு இடத்தில் இரண்டு அளவுகோலால் கேட்கிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 304ஏ பிரிவு போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) வந்திருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போனால் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகிவிட்டது. அங்கே "ரொம்ப ஸ்பீடா வந்தான்" என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாது. 1998ல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில், அதிவேகம் என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அப்படி இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். டிரைவர் விடுதலையாகிவிட்டார், இனி இழப்பீடு வராது என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. 1980லேயே என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமை அம்மாள் வழக்கில் இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த உயரழுத்த மின்கம்பியில் பஸ் உரசி 8 பேர் அங்கேயே இறந்தார்கள். டிரைவர் குற்ற வழக்கில் விடுதலை. ஆனாலும் இழப்பீடு நின்றது. இங்கே ஒரு சந்தேகம், அங்கே ஒரு தெளிவின்மை என்று காட்டி ஓட்டுநரும் உரிமையாளரும் நழுவிவிடாமல் தீர்ப்பாயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பாயத்தில் பழி சதவீதமாகப் பிரியும். உதாரணத்துக்கு இழப்பீடு 12 லட்சம் என்று கணக்கிட்டு, பைக் ஓட்டியவர்மேல் 30 சதவீதம் தப்பு என்றால் குடும்பத்துக்கு வருவது 8 லட்சத்து 40 ஆயிரம். அதனால்தான் இன்ஷூரன்ஸ் தரப்பு அந்தச் சதவீதத்துக்காக அவ்வளவு போராடுகிறது. "லைசென்ஸ் இல்ல", "மூணு பேரா போனாங்க" என்று ஊரே சேர்ந்து சொல்கிற பேச்சும் அவர்களுக்குத்தான் உதவுகிறது. லைசென்ஸ் இல்லாததே விபத்துக்குக் காரணம் ஆகிவிடாது என்று 2008லும், மூன்று பேர் போனது விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாக இருந்தால் மட்டுமே பங்கு பிரிக்கலாம் என்று 2020லும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இவை சட்டமீறல்தான்; அபராதம் போடட்டும். செத்தவர் பங்கில் கைவைக்க அவை தாமாகக் காரணம் ஆகா.

பயணிகளுக்கு வருகிறேன். காரில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்மேல் எந்தச் சதவீதமும் ஏறாது. இரண்டு டிரைவர் மேலும் தப்பு என்றால், அந்தப் பயணியின் குடும்பம் இரண்டு தரப்பில் யாரிடமும் முழுத்தொகையைக் கேட்கலாம். அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. 2015ல் கென்யெய் வழக்கில் இதை உறுதி செய்தார்கள். எதிர் லாரிக்காரர்மேல் தப்பு இல்லை, நம் வண்டி டிரைவர்தான் ஏறிப் போனார் என்று தெரிந்து, "நம்ம ஆள் மேல எப்படிக் கேஸ் போடறது" என்று தயங்கி விட்டுவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். டிரைவரும் சொந்தக்காரர், அவரும் இறந்துவிட்டார். பணம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸிலிருந்து வரும், அவர் மனைவியின் தாலியிலிருந்து வராது என்று யாராவது அப்போதே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வழக்குகளின் காகிதங்களில் முதலில் எழுதப்படுவதை யாருமே கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவது, கூட வந்தவர் சொல்வதைத்தான். பதற்றத்தில் "வண்டியிலேர்ந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்று சொன்னால் அப்படியே பதிவாகும். பிறகு கோர்ட்டில் அந்தப் பதிவேட்டின் காப்பியை நீட்டி, "தானாக விழுந்தவர், எந்த வண்டியும் மோதவில்லை" என்பார்கள். உரசாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போன காரோ பஸ்ஸோ இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். மோதினால்தான் பொறுப்பு என்று இல்லை. பார்த்தவர்களிடம் போன் நம்பர் வாங்குங்கள். உதவ வந்தவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சியாக்க முடியாது, அவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது என்றும் அவருக்குச் சொல்லுங்கள். பயம் போனால்தான் வாய் திறப்பார். பின்னால் வந்த வண்டியில் டேஷ்கேம் இருந்தால் பதிவு அழிவதற்குள் கேளுங்கள். அதைக் கோர்ட்டில் வைக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்கு யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது.

கடைசியாக, எஃப்.ஐ.ஆரில் பெயர் வராத ஆள்: சாலை. 2019 திருத்தத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் தரம் தவறியதால் உயிர் போனால், அதற்குப் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஓர் உயிருக்கு அது சின்னத் தொகை. ஆனால் ஒரு முறை அந்தப் பிரிவைக் காகிதத்தில் எழுதிவிட்டால், அந்த வளைவு யாருடைய பொறுப்பு என்று ஓர் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். நாம் கேட்காததால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். கொடுப்பவர்கள் பொதுவாக "விபத்து அதிகம், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதுகிறார்கள். அதற்குப் பொதுவான பதில்தான் வரும். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஓர் இடம் இருந்தால் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணை எழுதுங்கள். எந்தக் கிளை ரோடு மறைகிறது, நடுக்கோடு எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தொடர்கோடு வேண்டும், ராத்திரியில் எந்த விளக்கு எரியவில்லை என்று எழுதுங்கள். ரோட்டில் நின்று பகலில் ஒரு போட்டோ, இரவில் ஒரு போட்டோ எடுத்து இணையுங்கள். மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதே இடத்தில் மறுபடி ஒருவர் அடிபட்டால், அந்த ரசீதின் நகலை அவர் குடும்பத்து வக்கீலிடம் கொடுங்கள்.